சொல்லுக்கு ஒரு சென்ட்: அமெரிக்கப் பல்ப் இதழ்களின் சாகசக் கதையாளர்கள்

அமெரிக்க இதழியல் வரலாற்றில் 'பல்ப்' என்று வழங்கும் பெயர் கதையைப் பார்த்து வைத்ததன்று, தாளைப் பார்த்து வைத்தது. மரத்தை அரைத்துக் கூழாக்கி, அதிலுள்ள லிக்னின் என்னும் பொருளை நீக்காமலே வார்த்தெடுத்த மலிவான தாளில் அவ்விதழ்கள் அச்சாயின. தமிழ்நாட்டில் சாணித்தாள் என்று சொல்லப்படும் வகைக்கு நெருங்கிய உறவான அந்தத் தாள், வெயிலும் காற்றும் பட்டால் சில ஆண்டுகளிலேயே பழுத்து, மடித்த இடத்தில் பொடிந்துபோகும். ஏறத்தாழ 7 அங்குல அகலமும் 10 அங்குல உயரமும் கொண்டு, ஓரம் வெட்டப்படாமல், உள்ளே படமும் விளம்பரமும் குறைவாகவும் அட்டையில் மட்டும் வண்ணம் கொட்டியும் வந்த இவ்விதழ்கள், வழவழப்புத் தாளில் அச்சாகி விளம்பர வருவாயால் வாழ்ந்த 'ஸ்லிக்' இதழ்களுக்கு நேர் எதிரான தட்டில் நின்றன. 1896இல் தொடங்கி 1950களின் நடுப்பகுதிவரை நீடித்த இந்தச் சந்தையை நம்பி, எந்த அலுவலகத்திலும் சம்பளத்துக்கு அமராமல், தட்டச்சுப் பொறி ஒன்றையே முதலாகக் கொண்டு ஒரு தொழிலாளர் கூட்டம் பிழைத்தது. அக்கூட்டத்தைச் சுயேச்சை எழுத்தாளர்கள் என்று அழைப்பது வழக்கம். அந்தச் சுயேச்சை எவ்வளவு தூரம் செல்லுபடியாயிற்று என்பதைக் கூலிக் கணக்கைக் கொண்டே அளக்க முடியும்.

இதழின் வடிவத்தை வகுத்தவர் ஃபிராங்க் மன்ஸி. மெய்ன் மாநிலத்தில் தந்தி அலுவலராக இருந்து 1882இல் நியூயார்க்குக்கு வந்த அவர், சிறுவர்களுக்காகத் தொடங்கிய 'கோல்டன் ஆர்கசி' என்னும் வார இதழைப் பல முறை உருமாற்றிப் பார்த்து, 1896இல் அதை முற்றிலும் கதைகளே கொண்ட மாத இதழாக்கி, அவ்வாண்டு டிசம்பர் முதல் மலிவுத் தாளுக்கு மாற்றினார். கதைதான் முக்கியம், அது அச்சாகும் தாள் அன்று என்பது அவருடைய வணிகக் கொள்கை. 10 சென்ட் விலையில் 192 பக்கம் கதை கிடைத்தபோது, வழவழப்பு இதழ்களை வாங்க இயலாத ஆலைத் தொழிலாளர்களும் கடைப் பணியாளர்களும் பண்ணையாட்களும் அதன் வாசகர்கள் ஆயினர். 1903இல் ஸ்ட்ரீட் அண்ட் ஸ்மித் நிறுவனம் 'பாப்புலர் மேகஸின்' என்ற போட்டி இதழைத் தொடங்க, 1905இல் மன்ஸி 'ஆல்-ஸ்டோரி' இதழைத் தொடங்க, 1910 நவம்பரில் 'அட்வெஞ்சர்' வெளிவர, சாகசக் கதை என்பது தனிச் சரக்காகவே கடைக்கு வந்துவிட்டது. 1930களில் கடைத்தட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட பல்ப் இதழ்கள் இருந்தன. அவை ஒவ்வொன்றும் மாதாமாதம், சில வாராவாரம், கதை கேட்டுக்கொண்டே இருந்தன.

அந்தத் தேவைக்கு ஈடுகொடுத்தவர்களுக்குச் சொல்லை எண்ணிக் கூலி தரப்பட்டது. 1930களில் ஓரளவு நல்ல இதழ்களில் பரவலாக நிலவிய விகிதம் சொல்லுக்கு ஒரு சென்ட். நலிந்த பதிப்பகங்கள் அரை சென்ட்டுக்கும் அதற்குக் கீழும் இறங்கின. வாசகர் பெயர் சொல்லிக் கேட்கும் ஒருசில எழுத்தாளர்களே நான்கு, ஐந்து சென்ட்வரை எட்டினர். 5,000 சொற்கள் கொண்ட ஒரு சிறுகதைக்கு 50 டாலர் என்பது அந்நாளில் அற்பத்தொகை அன்று. ஆனால் அது கதை விற்றால் மட்டுமே கைக்கு வரும் தொகை. தறியில் அமர்ந்தவருக்கு நெய்த சேலைக்குத்தான் கூலி, தறியில் கழித்த நாளுக்கு அன்று என்பதைப் போல, இதுவும் உருப்படிக் கூலியே. திருப்பி அனுப்பப்பட்ட கதைக்குச் செலவான வாரம் எந்தக் கணக்கிலும் சேராது. ஆகவே ஒரு நாளைக்கு 3,000, 4,000 சொற்கள் எழுதுவது இத்தொழிலில் திறமையாகக் கருதப்படவில்லை, உயிர்வாழும் வழியாகவே கருதப்பட்டது. கலிஃபோர்னியாவில் வழக்கறிஞராக இருந்துகொண்டே இரவில் எழுதிய எர்ல் ஸ்டான்லி கார்ட்னர், ஆண்டுக்கு 12 லட்சம் சொற்கள் என்று தமக்குத்தாமே இலக்கு வைத்துக்கொண்டார். இதற்கு நேர்மாறாக, ரேமண்ட் சாண்ட்லர் தமது 45ஆம் வயதில் முதல் கதையை ஐந்து மாதம் திருத்தித் திருத்தி எழுதி, 1933 டிசம்பரில் 'பிளாக் மாஸ்க்' இதழில் அது வெளிவந்தபோது 180 டாலர் பெற்றார். அவர் பின்னாளில் இலக்கியத்தில் நின்றார் என்பது உண்மை. அந்த வேகத்தில் எழுதி எவரும் வீட்டு வாடகை கட்டியிருக்க முடியாது என்பதும் அதே அளவு உண்மை.

இத்தொழிலின் உயிர்நாடி அஞ்சல்துறை. நியூயார்க்கில் இல்லாத எழுத்தாளர், தட்டச்சு செய்த படியோடு தம் முகவரி எழுதி அஞ்சல்தலை ஒட்டிய உறையையும் சேர்த்து அனுப்புவார். ஏற்றுக்கொண்டால் காசோலை வரும், மறுத்தால் அச்சடித்த மறுப்புச் சீட்டோடு அதே உறையில் கதை திரும்பி வரும். திரும்பிய கதையின் முதல் பக்கத்தை மட்டும் புதிதாக அடித்து அடுத்த இதழுக்கு அனுப்பும் வழக்கமும் இருந்தது. விரலழுக்குப் படிந்த முதல் பக்கம், பலர் மறுத்த சரக்கு இது என்று காட்டிக்கொடுத்துவிடும் அல்லவா. பணம் தரும் முறையில் இரு வகை உண்டு. கதையை ஏற்ற உடனே தருவது ஒன்று. கதை அச்சான பிறகே தருவது மற்றொன்று. கேட்பதற்குச் சிறிய வேறுபாடாகத் தோன்றும் இதுவே பலருடைய வாழ்க்கையைத் தீர்மானித்தது.

டெக்சஸ் மாநிலத்தின் கிராஸ் பிளெய்ன்ஸ் என்னும் சிற்றூரிலிருந்து எழுதிய ராபர்ட் இ. ஹவர்ட் இதற்குத் தக்க சான்று. அவருடைய கதை முதன்முதலில் 1925 ஜூலை 'வியர்ட் டேல்ஸ்' இதழில் வெளிவந்தது. வாள்வீரன் கோனன் 1932 டிசம்பரில் அதே இதழில் பிறந்தான். அவ்விதழ் அச்சான பிறகே பணம் தரும் வகையைச் சேர்ந்தது. பொருளாதாரப் பெருமந்தத்தில் அந்தப் பணமும் தவணையாகவும் தாமதமாகவும் வரத்தொடங்கிற்று. 1935 மே மாதத்தில் ஹவர்ட் ஆசிரியர் ஃபார்ன்ஸ்வொர்த் ரைட்டுக்கு எழுதிய கடிதத்தில், தமக்கு 800 டாலருக்கும் மேல் பாக்கி நிற்பதையும், காசநோயாளியான தாயின் மருத்துவச் செலவையும் சொல்லிக் கெஞ்ச நேர்ந்தது. சொல்லுக்கு ஒரு சென்ட் என்ற கணக்கில் அது 80,000 சொற்களின் கூலி. குத்துச்சண்டைக் கதைகளும் மேற்கத்தியப் பாணி நகைச்சுவைக் கதைகளும் அவர் அதிகம் எழுதியதற்குக் காரணம் ரசனை மாற்றம் மட்டும் அன்று. அவற்றை வாங்கிய இதழ்கள் பணத்தை ஒழுங்காகத் தந்தன. கோனனை அவர் கைவிட்டதை இலக்கியக் காரணம் கொண்டு விளக்குவோர், இந்தக் கடிதத்தையும் பக்கத்தில் வைத்துப் படிப்பது நல்லது. 1936 ஜூன் 11 அன்று, தாய் நினைவு மீளமாட்டார் என்று அறிந்த காலையில், 30 வயதில் ஹவர்ட் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

கூலியைவிட ஆழமான சிக்கல் உரிமையில் இருந்தது. இதழ் ஒன்று கதையை முதல் முறை அச்சிடும் உரிமையை மட்டும் வாங்கலாம். அல்லது மறுபதிப்பு, நூல், திரைப்படம் ஆகிய எல்லா உரிமைகளையும் ஒரே காசோலையில் வாங்கிவிடலாம். பல பதிப்பகங்கள் இரண்டாவதையே விரும்பின. அடுத்த மாத வாடகைக்கு வழியில்லாத எழுத்தாளர் காசோலையின் பின்புறம் கையெழுத்திட்டார். இந்தக் கணக்கை முதலிலேயே புரிந்துகொண்டவர்களில் எட்கர் ரைஸ் பரோஸ் முதன்மையானவர். பல தொழில்களில் தோற்று, பென்சில் சீவும் கருவிகளை விற்கும் முகவர்களை மேய்த்துக்கொண்டிருந்தபோது 35 வயதைக் கடந்து எழுத வந்த அவருக்கு, செவ்வாய்க் கோளில் நிகழும் முதல் கதைக்கு 'ஆல்-ஸ்டோரி' 400 டாலர் தந்தது. 1912 அக்டோபரில் வெளிவந்த டார்சன் கதைக்குக் கிடைத்தது 700 டாலர். ஆனால் இதழில் அச்சிடும் உரிமைக்கு மேல் எதையும் விற்றுவிடாமல் அவர் காத்துக்கொண்டதால், 1914இல் நூலும், 1918இல் திரைப்படமும், அவற்றைத் தொடர்ந்து வந்த யாவும் அவருக்கே வருவாயாயின. 1923இல் தம் பெயரிலேயே நிறுவனம் ஒன்றைப் பதிவுசெய்து, 1931 முதல் தம் நூல்களைத் தாமே பதிப்பிக்கவும் செய்தார். சுயேச்சை என்ற சொல் முழுப் பொருளோடு பொருந்துவது இத்தகைய ஓரிருவருக்கே. அவர் எழுத்தாளராக இருந்ததோடு கடைக்காரராகவும் இருந்தார். மற்றவர்கள் நெசவாளர்களாக மட்டும் இருந்தார்கள்.

எல்லா இதழ்களையும் ஒரே தராசில் நிறுத்துவது நியாயமாகாது. 1912 முதல் 1927 வரை 'அட்வெஞ்சர்' இதழின் ஆசிரியராக இருந்த ஆர்தர் சல்லிவன்ட் ஹாஃப்மன், சாகசக் கதைக்கு உண்மை என்ற நிபந்தனையை விதித்தார். இதழின் பின்பகுதியில் 'கேம்ப்-ஃபயர்' என்ற பெயரில் வந்த வாசகர் பகுதியில், கதையில் வரும் துப்பாக்கியின் குழல் அளவு தவறு, இந்த ஆற்றில் அந்த மீன் கிடையாது என்றெல்லாம் படைவீரர்களும் மாலுமிகளும் சுரங்க வேலைக்காரர்களும் எழுத்தாளரைக் கூண்டில் ஏற்றினர். ஊர், கடல், ஆயுதம், விலங்கு பற்றிய வாசகர் ஐயங்களுக்கு விடைதர 'ஆஸ்க் அட்வெஞ்சர்' என்ற பகுதியில் துறை வல்லுநர் குழுவே இருந்தது. வேற்று நாட்டில் இறக்க நேர்ந்தால் உற்றாருக்குச் செய்தி சேர்க்க உதவும் எண்ணிட்ட அடையாள அட்டையைக்கூட அவ்விதழ் வாசகர்களுக்கு வழங்கிற்று. இத்தகைய வாசகருக்கு எழுதியதால், ஹரால்ட் லாம்ப் போன்றோர் கோசாக் வீரர்களையும் மத்திய ஆசியப் புல்வெளிகளையும் பற்றி நூலகத்தில் ஆண்டுக்கணக்கில் படித்தே எழுதினர்; லாம்ப் பின்னாளில் செங்கிஸ் கானின் வரலாற்றை எழுதிப் புகழ்பெற்றதற்கு அந்தப் பயிற்சியே அடித்தளம்.

லண்டனில் பிறந்து, இளமையில் இந்தியாவிலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் அலைந்து, 1909இல் நியூயார்க் வந்த டால்பட் மண்டியும் அதே பட்டறையில் வளர்ந்தவர். பல்ப் சாகசக் கதைகளில் ஆசியரும் ஆப்பிரிக்கரும் பெரும்பாலும் நயவஞ்சக வில்லன்களாகவோ வாய் பேசாத சுமைகூலிகளாகவோ வந்துபோயினர். இன இழிவு அந்தச் சந்தையின் அன்றாடச் சரக்கு என்பதை மறைத்துப் பேசுவதில் பொருளில்லை. மண்டியிடமும் அக்கால மனநிலையின் கறை உண்டு. எனினும் இந்திய மெய்யியலை மதித்தும், பேரரசுகளை ஐயத்தோடு நோக்கியும் எழுதிய மிகச் சிலரில் அவர் ஒருவர். 1925இல் தொடங்கிய திராஸ் என்னும் மாலுமியின் கதைகளில் ஜூலியஸ் சீசரைக் கொடுங்கோலனாக அவர் காட்டியதற்காக, 'கேம்ப்-ஃபயர்' பகுதியில் மாதக்கணக்கில் வழக்காடல் நடந்தது. மலிவு இதழின் வாசகர்கள் ரோமானிய வரலாற்றுக்காக அடித்துக்கொண்டார்கள் என்பது, பல்ப் வாசகரைப் பாமரர் என்று ஒதுக்கிய விமர்சகர்கள் காணத் தவறிய பக்கம்.

கூலி முறை கதையின் உடலிலும் தழும்பை விட்டது. கார்ட்னரின் நாயகர்கள் ஐந்து குண்டுகளைத் தவறவிட்டு ஆறாவதில்தான் எதிரியை வீழ்த்துவது ஏன் என்று கேட்டதற்கு, துப்பாக்கிச் சத்தம் ஒவ்வொன்றுக்கும் மூன்று சென்ட் வரும்போது முதல் குண்டிலேயே கதையை எதற்கு முடிக்க வேண்டும் என்ற பொருளில் அவர் விடையிறுத்ததாகச் சொல்வதுண்டு. வேடிக்கையை நீக்கிவிட்டுப் பார்த்தால், நீட்டலுக்கும் விறுவிறுப்புக்கும் இடையே எழுத்தாளர் நடந்த கம்பி எத்தகையது என்பது விளங்கும். நீட்டினால் கூலி கூடும், ஆனால் சோர்ந்தால் ஆசிரியர் திருப்பி அனுப்புவார். இந்த இக்கட்டுக்கு லெஸ்டர் டென்ட் கண்ட தீர்வு ஒரு வாய்பாடு. 6,000 சொற்கள் கொண்ட கதையை 1,500 சொற்கள் வீதம் நான்கு பகுதியாகப் பிரித்து, முதல் வரியிலோ அதற்கு மிக அருகிலோ நாயகனை இக்கட்டில் தள்ளி, ஒவ்வொரு பகுதி முடிவிலும் எதிர்பாராத திருப்பம் ஒன்றை வைத்து, நாயகனின் துன்பத்தை மேலும் மேலும் குவித்து, இறுதியில் அவன் தன் கைத்திறனாலேயே மீளும்படி செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். கொலை செய்யும் முறை, வில்லன் தேடும் பொருள், கதை நிகழும் இடம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றாவது புதிதாக இருக்க வேண்டும் என்றும் அவர் சேர்த்தார். இதை மறைக்காமல் எழுத்துத் தொழிலுக்கான வெளியீட்டிலேயே அச்சிடவும் கொடுத்தார். தச்சர் அளவுக்கோலை ஒளித்துவைப்பதில்லை என்பது அவர் எண்ணம் போலும். சில வேளைகளில் வரிசை தலைகீழாகி, ஓவியர் வரைந்த அட்டைப்படம் முதலில் தயாராகி, அதற்கேற்ற கதையைப் பிறகு எழுதித்தரும்படி எழுத்தாளர் பணிக்கப்பட்டதும் உண்டு.

பெயரை மாற்றிக்கொள்வதும் தொழில் தேவையே. ஒரே இதழில் ஒருவருடைய இரண்டு மூன்று கதைகள் வந்தால் வாசகர் முகம் சுளிப்பர் என்பதால், கூடுதல் கதைகள் புனைபெயரில் வந்தன. ஃபிரெட்ரிக் ஃபாஸ்ட் என்பவர் மாக்ஸ் பிராண்ட் உள்ளிட்ட ஏறக்குறைய 20 பெயர்களில் எழுதிக் குவித்த சொற்கள் சுமார் மூன்று கோடி என்று மதிப்பிடுகின்றனர். அமெரிக்க மேற்குப் பாலைநிலத்தின் குதிரை வீரர்களைப் பற்றிய அவருடைய கதைகளில் பெரும்பகுதி, இத்தாலியின் ஃபுளாரன்ஸ் நகரத்து மாளிகை ஒன்றில் தட்டச்சானது. ஃபாஸ்டின் உள்ளம் கிரேக்கத் தொன்மங்களைப் பாடும் கவிதையில் இருந்தது. தம் இயற்பெயரை அவர் கவிதைக்கென ஒதுக்கிவைத்தார். அந்தக் கவிதைகளை வாங்க ஆளில்லை, ஒதுக்கித் தள்ளிய பெயர்களோ மாளிகைக்கு வாடகை கட்டின. 1944 மே மாதம் போர்ச் செய்தியாளராக அதே இத்தாலியில் படையினரோடு முன்னேறும்போது குண்டுச் சிதறல் பட்டு இறந்தார்.

புனைபெயர் எழுத்தாளருக்குச் சொந்தம். 'நிறுவனப் பெயர்' என்பது பதிப்பகத்துக்குச் சொந்தம். ஒரு பாத்திரத்தை மையமாக வைத்து இதழ் நடத்தும்போது, எழுத்தாளர் மாறினாலும் வாசகர் அறியாதிருக்க அட்டையில் நிலையாக அச்சிடப்பட்ட பெயர் அது. ஸ்ட்ரீட் அண்ட் ஸ்மித் 1931இல் தொடங்கிய 'தி ஷேடோ' இதழில் மாக்ஸ்வெல் கிராண்ட் என்ற பெயருக்குப் பின்னால் இருந்தவர், மாயவித்தைக் கலைஞரும் செய்தியாளருமான வால்டர் கிப்சன். இதழ் மாதமிருமுறை ஆனபின் ஆண்டுக்கு 24 நாவல் என்பது ஒப்பந்தம்; நாவலுக்கு 60,000 சொற்கள் என்று வைத்தாலும் அது ஆண்டுக்கு 14 லட்சத்துக்கும் மேல். விரல் நுனியில் இரத்தம் கசியத் தட்டச்சு செய்ததாகச் சொல்லப்படும் கிப்சன், வெளிவந்த 325 ஷேடோ நாவல்களில் 282ஐ எழுதினார். அவற்றின் முகப்பில் அவர் பெயர் இல்லை.

அதே நிறுவனம் 1933 மார்ச்சில் தொடங்கிய 'டாக் சாவேஜ்' இதழுக்கு அமர்த்தப்பட்டவர் முன்பு குறித்த லெஸ்டர் டென்ட். ஓக்லஹோமாவின் டல்சா நகரில் தந்தி அலுவலராக இரவுப்பணி பார்த்துக்கொண்டே எழுதிப் பழகிய அவரை, 1931 தொடக்கத்தில் நியூயார்க் பதிப்பகம் ஒன்று மாதம் 500 டாலர் முன்பணக் கணக்கில் வரவழைத்தது. சில மாதங்களிலேயே அவர் எழுதிய இதழ்கள் நின்றுபோய், அவர் மீண்டும் கதை விற்கப் படியேறினார். டாக் சாவேஜ் நாவல் ஒன்றுக்கு முதலில் 500 டாலரும் பின்னர் 750 டாலரும் கிடைத்தன. முழு நாவலுக்கு 500 என்றால், சொல்லுக்கு ஒரு சென்ட்டுக்கும் குறைவே. ஆனால் விற்குமா என்ற கவலை இல்லாத கூலி அது. மந்தகாலத்தில் அதற்கே பெரும் மதிப்பு. வேலை மிகுந்தபோது டென்ட் வேறு சிலரை எழுதச்செய்து தம் பணத்திலிருந்தே அவர்களுக்குத் தந்ததும் உண்டு; உருப்படிக் கூலியாள் உள்குத்தகை விடும் பழைய கதைதான். மொத்தம் 181 நாவல்களில் ஏறக்குறைய 160 அவருடையவை. அட்டையில் இருந்த பெயர் கென்னத் ராபசன். இடையிடையே கரீபியக் கடலில் சொந்தப் பாய்மரக் கப்பலில் புதையல் தேடவும் அவருக்கு வாய்த்தது. பெரும்பாலான சாகசக் கதையாளர்களுக்கு வாடகை அறையின் மேசையைத் தாண்டிய சாகசம் வாய்க்கவில்லை.

அந்த வாடகை அறைகளின் வாழ்வை ஃபிராங்க் க்ரூபர் 1967இல் வெளியிட்ட 'தி பல்ப் ஜங்கிள்' என்ற நினைவு நூல் பதிவு செய்கிறது. 1934இல் நியூயார்க் வந்த அவர், நாணயம் போட்டால் உணவு தரும் ஆட்டோமேட் உணவகத்தில் இலவச வெந்நீரில் இலவசத் தக்காளிக் கெச்சப்பைக் கலக்கிச் சூப் என்று குடித்து நாள் கடத்தினார். அவ்வாண்டின் இறுதியில், ஓர் இதழில் கடைசி நேரத்தில் விழுந்த காலியிடத்தை நிரப்ப, 5,500 சொற்கள் கொண்ட கதையை மறுநாள் காலைக்குள் தர இயலுமா என்று ஆசிரியர் ஒருவர் தொலைபேசியில் கேட்டார். ஒரே இரவில் எழுதிக்கொடுத்த அந்தக் கதையே க்ரூபருக்குக் கதவைத் திறந்தது. அவர் திறமையற்றவராக இருந்திருந்தால் அந்த இரவு பயன்பட்டிராது. ஆனால் அந்தத் தொலைபேசி ஒலிக்கும்வரை அவர் திறமைக்கு விலையே இல்லாதிருந்தது.

சந்தை சரிந்தது விரைவிலேயே. 1938இல் 'ஆக்ஷன் காமிக்ஸ்' 10 சென்ட்டுக்குப் படக்கதை தந்தது; 1939இல் பாக்கெட் புக்ஸ் 25 சென்ட்டுக்கு முழு நூல் தந்தது; போர்க்காலத் தாள் தட்டுப்பாடு பக்கங்களைக் குறைத்தது; தொலைக்காட்சி மீதியைப் பார்த்துக்கொண்டது. 1949இல் ஸ்ட்ரீட் அண்ட் ஸ்மித் தன் பல்ப் இதழ்களை, அறிவியல் புனைகதை இதழான 'அஸ்டவுண்டிங்' ஒன்றைத் தவிர, அனைத்தையும் நிறுத்திற்று. கார்ட்னர் பெர்ரி மேசன் நாவல்களோடு ஏற்கெனவே கரையேறியிருந்தார். க்ரூபர் ஹாலிவுட் திரைக்கதைக்குப் போனார். எண்ணற்றோர் எழுத்தையே விட்டனர்.

டென்ட் சொந்த ஊரான மிசௌரி மாநிலத்து லா பிளாட்டாவுக்குத் திரும்பி, 1959 மார்ச்சில் இறந்தார். ஐந்து ஆண்டு கழித்து, 1964இல், பாண்டம் நிறுவனம் டாக் சாவேஜ் நாவல்களைக் காகித அட்டை நூல்களாக மறுபதிப்பிக்கத் தொடங்கிற்று. 1990க்குள் 181 நாவல்களும் வெளிவந்து, லட்சக்கணக்கில் விற்றன. உரிமை பதிப்பகத்தின் வாரிசு நிறுவனத்திடம் இருந்தது. அட்டையில் கென்னத் ராபசன் என்ற பெயர் இருந்தது.